ஊசி பிடித்த கைகள்: லாக்கன் பங்கில் கூடிய இளையோர் வட்டம்

தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் ஒரு கோவிலைச் சார்ந்து வாழும் மக்கள் தொகுதிக்குப் 'பங்கு' என்று பெயர். அதன் பொறுப்பாளர் பங்குத்தந்தை. அவர் ஆற்றும் பணிக்கு வழங்கும் பெயர் மேய்ப்புப்பணி. பங்கு என்னும் சொல் உரிமையைச் சுட்டுகிறது. மேய்ப்பு என்னும் சொல் மந்தையை நினைவூட்டுகிறது. பங்குடையவர் பேசலாம், கணக்கும் கேட்கலாம். மந்தையோ மேய்ப்பன் குரலுக்குச் செவிசாய்ப்பதோடு அமைவது. ஒரே சமயத்தாரின் வாயில் அருகருகே வாழும் இவ்விரு சொற்களுக்கும் இடையே ஓர் இழுபறி உண்டு. பங்குகளில் பதின்பருவத்தினர்க்கும் இளைஞர்க்கும் என நிகழ்ந்த பணிகளின் வரலாற்றைப் பயில்வோர் அவ்விழுபறியைப் பக்கந்தோறும் காண்பர்.

அவ்வரலாறு முழுவதையும் எழுத இங்கு நான் புகவில்லை. பெல்ஜிய நாட்டுப் பிரசெல்ஸ் நகரின் வடபுறத்தே அமைந்த லாக்கன் என்னும் பங்கில் 1912ஆம் ஆண்டு கூடத் தொடங்கிய சிறு வட்டம் ஒன்றையும், அது சென்ற வழியையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு மலரில் ஒரு பங்குக் கோவிலின் கதைக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவக்கூடும். லாக்கனில் கூடியதும் ஒரு வட்டமே. அங்கும் சிலர் தாம் கண்டதைச் சொல்லக் கற்றனர். பிறர் சொல்வதைக் கேட்கக் கற்றனர். அவர்கள் தையற்கூடங்களில் வேலை பார்த்த இளம் பெண்கள் என்பதும், அவர்தம் பெயர்கள் பெரும்பாலும் வரலாற்றில் பதியாமலே போயின என்பதும் என்னை இதனை எழுதத் தூண்டின.

அரணும் ஆடுகளமும்

லாக்கனுக்கு முன்பே இளைஞர்க்கான கத்தோலிக்கப் பணி இருந்தது. அதன் தலைசிறந்த எடுத்துக்காட்டு இத்தாலியின் டூரின் நகரில் தொன் போஸ்கோ நிறுவிய இளைஞர் இல்லமாகும். 1841 டிசம்பர் 8ஆம் நாள், பூசையில் உதவத் தெரியாத காரணத்தால் கோவிற்பணியாளரிடம் அடிபட்டு ஓடிய பார்த்தலோமேயோ கரெல்லி என்ற அனாதை இளைஞனைத் திரும்ப அழைத்துவரச் செய்து பேசியதே தம் பணியின் தொடக்கம் என்று அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். 1846இல் வால்தோக்கோ என்னுமிடத்தில் நிலையான இடம் அமைந்தது. ஞாயிறுதோறும் ஆட்டமும் பாட்டும் மறைக்கல்வியும் அங்கே நிகழ்ந்தன. 1850களின் தொடக்கத்தில், முதலாளிகள் தம் சிறுவரை எவ்வாறு நடத்தவேண்டும் என்று முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட வைத்தார் அவர். தொழிற்பழகுநனாகிய சிறுவனை அடிக்கக்கூடாது, ஓய்வு நாள் தரவேண்டும், தொழிலைத் தவிர வேறு ஏவல் வேலை வாங்கலாகாது என்பன போன்ற விதிகள் அவற்றில் இடம்பெற்றன. அவருடைய சலேசிய சபையார் 1906இல் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தனர் என்பது நம் மண்ணோடு இக்கதையை இணைக்கும் செய்தி.

இப்பணியின் பெருமையைக் குறைத்துரைக்க யாரும் துணியார். எனினும் அதன் அடிப்படை உருவகம் அரண். வெளியே தெருவும் ஆலையும் மதுக்கடையும் உள்ளன. உள்ளே ஆடுகளமும் இசைக்குழுவும் நாடகமேடையும் உள்ளன. சிறுவனை வெளியிலிருந்து உள்ளே அழைத்துக் காப்பதே நோக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பங்குதோறும் நடைபெற்ற ஞாயிற்றுக்கிழமைக் கழகங்கள் யாவும் இவ்வகையினவே. ஞாயிறு மாலை அரண் கதவு மூடும். திங்கள் காலை சிறுவன் ஆலைக்குச் செல்வான். ஆலையில் அவனுக்கு என்ன நேர்கிறது என்பதை அவனிடமே கேட்டு, அதனையே பணியின் தொடக்கமாகக் கொள்ளும் எண்ணம் இன்னும் பிறக்கவில்லை.

கரிவணிகர் மகன்

ஜோசப் கார்டைன் 1882 நவம்பர் 13ஆம் நாள் பிரசெல்ஸை அடுத்த ஸ்காபேக்கில் பிறந்தார். குடும்பம் ஹல்லே என்ற சிற்றூரில் குடியேறியது. தந்தையார் சிறு அளவில் நிலக்கரி வாணிகம் செய்தவர். அந்நாளைய பெல்ஜியம் ஐரோப்பாவின் முன்னணித் தொழில் நாடுகளுள் ஒன்று. அதன் கூலிகளோ குறைந்தவை. 1886 மார்ச்சில் லியேஜ், சார்லெருவா பகுதிகளில் தொழிலாளர் கிளர்ச்சி வெடித்துப் படையால் ஒடுக்கப்பட்டது. அதன் பின்னரே 1889ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 12 வயதுக்குட்பட்டோரை ஆலைகளில் அமர்த்துவதை அது தடுத்தது. 16 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் 21 வயதுக்குட்பட்ட பெண்களுக்கும் நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. பன்னிரண்டு மணி நேரம் அந்நாளில் சலுகையாகக் கருதப்பட்டது! 14 வயது வரை கட்டாயக் கல்வி என்ற சட்டம் 1914இல்தான் நிறைவேறியது. ஆகவே 1912இல் பன்னிரண்டு வயதுச் சிறுமி பள்ளியை விட்டு வேலைக்குப் போவது இயல்பான நிகழ்ச்சி.

திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் தொழிலாளர் நிலை பற்றிய சுற்றுமடலை வெளியிட்டிருந்தார். அதன் சொற்களை மெய்யாகவே பின்பற்றப் புகுந்தோர்க்கு நேர்ந்ததை அருட்தந்தை அடோல்ஃப் டான்ஸ் வாழ்வு காட்டும். ஆல்ஸ்ட் நகர நெசவாலைத் தொழிலாளர்க்காகக் குரலெழுப்பிப் பாராளுமன்றம் சென்ற அவர், ஆயர்களின் சினத்துக்கு ஆளாகிக் குருத்துவப் பணிகளினின்று விலக்கப்பட்டு 1907இல் மறைந்தார். கார்டைன் குருவான ஆண்டு 1906. இவ்விரு ஆண்டுகளும் அடுத்தடுத்து வருவதை நினைவில் கொள்வது நலம். இளங்குருவின் முன் ஒரு பாடம் திறந்து கிடந்தது.

அவர் உள்ளத்தைத் திருப்பிய நிகழ்ச்சியை அவரே பலமுறை கூறியுள்ளார். குருமடத்தில் பயிலும் மாணவராக விடுமுறைக்கு ஊர் திரும்புகிறார். உடன் படித்த தோழர்கள் இதற்குள் ஆலைக்குச் சென்றுவிட்டனர். அவர்கள் இவரைத் தோழனாக ஏற்கவில்லை. முதலாளிகளின் பக்கம் சேர்ந்துவிட்ட ஒருவனைப் பார்ப்பது போல் பார்த்தனர். ஒரே தெருவில் விளையாடியவர்களுக்கு இடையே இரண்டு மூன்று ஆண்டுகளில் இத்தகைய சுவர் எழுந்தது எவ்வாறு? 1903இல் தந்தையார் இறக்கும் தறுவாயில், தொழிலாளர்க்காகவே வாழ்வேன் என்று அவர் உறுதி பூண்டார். மகனைப் படிக்க வைக்க உழைத்தே அவர் தந்தையார் தேய்ந்தார் என்பதை எண்ணினால் அவ்வுறுதியில் நன்றியும் குற்றவுணர்வும் கலந்திருந்தன எனக் கருத இடமுண்டு.

லூவேன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பயின்றார். 1907 முதல் 1912 வரை சிறு குருமடம் ஒன்றில் ஆசிரியராக இருந்தார். விடுமுறைகளில் அயல்நாடுகளுக்குச் சென்று தொழிலாளர் அமைப்புகளை நேரில் கண்டார். 1911இல் இங்கிலாந்தில் துறைமுகத் தொழிலாளர் தலைவர் பென் டில்லட்டைச் சந்தித்தார். பின்னர் 1912இல் லாக்கன் அன்னைமரி ஆலயத்தின் உதவிப் பங்குத்தந்தையாக அமர்த்தப்பட்டார்.

மங்கையும் மடந்தையும்

லாக்கன் இரு முகங்கள் கொண்ட ஊர். ஒருபுறம் பெல்ஜிய அரச குடும்பத்தின் அரண்மனை. மறுபுறம் கால்வாய்க்கரைத் தொழிற்கூடங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும். அரசி லூயிஸ்-மரியின் நினைவாக எழுப்பப்பட்ட பங்குக் கோவிலின் நிலவறையில் அரசர்களின் கல்லறைகள் உள்ளன. அக்கோவிலில் புதிதாக வந்த இளங்குருவிடம் ஒப்படைக்கப்பட்டது பெண்களுக்கான பணி. ஆண்கள் கழகம் போன்று மதிப்புமிக்க பொறுப்பன்று அது.

அவர் வீடுவீடாகச் சென்றார். தையற்கூடங்களிலும் துணிக்கடைகளிலும் தொழிற்பழகுநராகவும் கூலிகளாகவும் இருந்த பெண்களைக் கண்டார். அவர்களை ஓர் ஆய்வு வட்டமாகக் கூட்டினார். இங்கு ஒரு பெயரைத் தனித்துக் கூறவேண்டும். லியேஜ் நகரைச் சேர்ந்த விக்டோயர் காப் என்னும் பெண்மணி கார்டைன் லாக்கனுக்கு வருமுன்பே, 1907இல், தையற்பெண்களுக்கெனத் தம் நகரில் சங்கம் அமைத்தவர். 1912இல் அவர் பிரசெல்ஸுக்கு வந்து, கிறித்தவ மகளிர் தொழிற்சங்கங்களின் பொதுச் செயலகத்தை ஏற்று நடத்தினார். மரியா பேர்ஸ் என்பார் அவருக்குத் துணை நின்றார். கார்டைனின் லாக்கன் முயற்சி இப்பெண்களின் இயக்கத்தோடு கைகோத்து வளர்ந்தது. குரு கற்பித்தார், பெண்கள் கற்றனர் என்று கதையை ஒருவழிப்படுத்துவது பிழை. ஊசித் தொழிலாளரை அமைப்பாக்குவது எப்படி என்பதை அவருக்குக் காட்டியவர்களுள் விக்டோயர் காப் முதன்மையானவர்.

நம் பாட்டியல் நூலார் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பகுத்தனர். 12, 13 வயதினள் மங்கை. 14 முதல் 19 வரை மடந்தை. 20 முதல் 25 வரை அரிவை. உலா இலக்கியங்களில் இப்பருவத்தார் தெருவில் நின்று உலா வரும் தலைவனைக் கண்டு மயங்குவர். அவர்தம் கை என்ன வேலை செய்தது என்பதை உலாப் புலவர் பாடுவது அரிது. அழகால் அளக்கப்பட்ட அப்பருவங்களைத் தொழில்நகரம் வேறு கோலால் அளந்தது. பன்னிரண்டில் பள்ளி முடிவு, பதினான்கில் முழு வேலை, இருபத்தொன்றுக்குப் பிறகு மணி வரம்பும் இல்லை. இவ்விரு அளவைகளிலும் அப்பெண்ணின் சொல்லுக்கு இடமில்லை என்பது மட்டும் பொது.

லாக்கன் வட்டத்தின் புதுமை யாது? அங்குச் சொற்பொழிவு முதலிடம் பெறவில்லை. வினா முதலிடம் பெற்றது. வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, பழகுநருக்குத் தொழில் உண்மையில் கற்றுத்தரப்படுகிறதா, ஏவல் வேலைதானா, உடன் வேலை செய்வோருள் நோயுற்றவர் யார், புதிதாக வந்த சிறுமியிடம் மற்றவர்கள் எப்படிப் பேசுகின்றனர் — இத்தகைய செய்திகளை வேலையிடத்தில் கவனித்து வந்து வட்டத்தில் சொல்லவேண்டும். ஒருத்தி சொன்னதை மற்றவர்கள் தம் கூடத்துச் செய்தியோடு ஒப்பிடுவர். பின்பு நற்செய்தி நூலைத் திறந்து, இது தகுமா என்று வினவுவர். முடிவில் அடுத்த கூட்டத்துக்குள் செய்யத்தக்க ஒன்றைத் தேர்ந்துகொள்வர். செய்யத்தக்கது என்பது பெரும்பாலும் மிகச் சிறியதே.

இச்சிறுமையை எள்ளி நகைப்போர் உளர். ஆலையின் அமைப்பையே மாற்றாமல் சிறுசெயல் செய்து என்ன பயன் என்பர். அவ்வினாவில் நியாயம் உண்டு. ஆயினும் காலையில் ஏவலுக்கு மட்டும் வாய் திறந்த பதினான்கு வயதுப் பெண், மாலையில் பத்துப்பேர் நடுவே ஒரு செய்தியை முதலும் முடிவும் கூடச் சொல்லி முடிப்பது சிறு செயலன்று. கவிதை எழுதுவோர்க்கு இதனை நான் விளக்கவேண்டியதில்லை. நேரில் கண்டதைக் கண்டவாறு சொல்வது எத்துணைக் கடினம் என்பதை நாமறிவோம்.

சிறையும் சங்கமும்

முதல் உலகப்போரில் செருமானியர் பெல்ஜியத்தைக் கைப்பற்றினர். பெல்ஜியத் தொழிலாளரைக் கட்டாய வேலைக்கு நாடுகடத்தியதைக் கண்டித்த கார்டைன் 1916இல் சிறைப்பட்டார். 1918இல் மீண்டும் சிறைப்பட்டார். இயக்கத்தின் அமைப்பு பற்றிய அவர் சிந்தனை சிறையறையில் தெளிவுற்றது.

போருக்குப் பின் 1919இல் ஃபெர்னான் டோனே, போல் கார்சே, ஜாக் மேர்ட் என்னும் இளைஞர் மூவரோடு சேர்ந்து இளந்தொழிலாளர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே 1925இல் இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கம் என்னும் பெயருடன் முதல் மாநாடு கண்டது. டோனே முதல் தலைவரானார். 'தமக்குள், தம்மால், தமக்காக' என்பது அதன் முழக்கம். குரு ஆன்ம ஆலோசகராக அருகில் இருப்பார். கூட்டத்தை நடத்துவோரும் முடிவெடுப்போரும் இளைஞரே.

எதிர்ப்பு உள்ளிருந்தே எழுந்தது. பெல்ஜியக் கத்தோலிக்க இளைஞர் சங்கம் என்ற அமைப்பு அப்போது எல்லா வகுப்பு இளைஞரையும் ஒரு குடைக்கீழ் சேர்க்க விழைந்தது. தொழிலாளர்க்குத் தனி இயக்கம் என்பது திருச்சபைக்குள் வகுப்புவாதத்தை நுழைப்பதாகும் என்று அதன் தலைமை கருதியது. கர்தினால் மெர்சியேயும் தயங்கினார். மாணவனும் தொழிலாளியும் ஒரே அவையில் அமர்ந்தால் பேசுபவன் மாணவனாகவே இருப்பான், தொழிலாளி கேட்பவனாகவே இருப்பான் என்பது கார்டைன் தரப்பின் வாதம். ஒற்றுமை என்ற அழகிய சொல் பலவேளை வலியவரின் குரலுக்கு மறுபெயராக அமைவதை நம் அவைகளிலும் காண்கிறோம்.

1925 மார்ச்சில் கார்டைன் உரோமை சென்றார். முறையான முன்னேற்பாடு ஏதுமின்றித் திருத்தந்தை 11ஆம் பயஸின் முன்னிலையை அடைந்து, தொழிலாளர் வகுப்பை மீட்க உயிரையும் கொடுக்க விரும்புகிறேன் என்றதாகவும், திரளான எளிய மக்களைப் பற்றிப் பேச ஒருவராவது வந்தாரே என்று திருத்தந்தை மகிழ்ந்ததாகவும் அவர் பிற்காலத்தில் சொல்லுவார். பன்முறை சொல்லப்பட்ட கதைகள் மெருகேறுவது இயல்பு. விளைவில் ஐயமில்லை. உரோமையின் ஆதரவு கிடைத்தது. பெல்ஜிய ஆயர்களின் தயக்கம் அடங்கியது.

எதிரணியின் பிற்கால வரலாற்றில் ஒரு செய்தி நோக்கத்தக்கது. அக்கத்தோலிக்க இளைஞர் சங்கத்தைச் சார்ந்த 'கிறிஸ்து அரசர்' பதிப்பகத்தின் பொறுப்பு 1930இல் லியோன் டெகிரெல் என்ற பேச்சாற்றல் மிக்க இளைஞரிடம் தரப்பட்டது. அவர் அதனையே ஏணியாக்கி ரெக்ஸ் என்னும் கட்சியை உருவாக்கி, 1936 தேர்தலில் 21 இடங்களை வென்றார். போரின்போது நாஜிப் படையில் சேர்ந்தார். ஒருவர் செயலுக்குச் சங்கம் முழுவதையும் பழிப்பது முறையன்று. ஆனால் ஒரே காலத்தில், ஒரே சமயச் சூழலில், இளைஞர் பணி இரு திசைகளில் செல்லக்கூடும் என்பதற்கு இது சான்று. ஒன்று இளைஞரை ஒரு தலைவனின் பேச்சைக் கேட்கும் கூட்டமாக்குகிறது. மற்றது அவர்களைத் தாம் கண்டதைச் சொல்லும் வட்டமாக்குகிறது.

மறைந்த பெயர்கள்

இயக்கத்தின் வரலாற்றில் நிறுவுநர் என்றதும் டோனே, கார்சே, மேர்ட் மூவரையே குறிப்பர். அவர்தம் தொண்டு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் முறை பிறந்தது 1912இல் லாக்கனின் பெண்கள் நடுவில். மாநாடும் பெயரும் கொடியும் வந்தபோது பெண்கள் தனிக்கிளையாயினர். பொதுப்பெயரால் சுட்டப்பட்ட இயக்கம் ஆண்களுடையது. பெண்களின் அமைப்புக்கோ பெயரிலேயே 'மகளிர்' என்ற அடை சேர்க்க நேர்ந்தது. இலக்கியத்தில் 'பெண் கவிஞர்' என்று கூறும் வழக்கத்தை எதிர்கொண்டவர்க்கு இதன் பொருள் விளங்கும். பெல்ஜியப் பெண்கள் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் முழு உரிமையை 1948இல்தான் பெற்றனர். வட்டத்தில் பேசக் கற்ற பெண் அம்முழு உரிமையைப் பெறுமுன் முப்பத்தாறு ஆண்டுகள் கடந்தன.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். மணமான பெண் இல்லத்துக்குத் திரும்பவேண்டும் என்பதே அக்காலக் கத்தோலிக்க மகளிர் அமைப்புகளின் கொள்கை. வேலையிடத்தில் உரிமை கேட்கக் கற்பித்த அவ்வியக்கமே, வேலையைத் தற்காலிகத் தங்குமிடமாகக் கருதவும் கற்பித்தது. இம்முரண் அக்காலத்தது என்று ஒதுக்கிவிடலாம். நம் காலத்தில் அது முற்றும் தீர்ந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. பிரான்சில் நிலைமை ஓரளவு வேறாக அமைந்தது. பாரிசை அடுத்த கிளிஷியில் அருட்தந்தை ஜார்ஜ் கேரன் 1927இல் ஆண்கள் கிளையைத் தொடங்கினார். மறு ஆண்டிலேயே ஜான் ஒபேர் என்னும் இளம்பெண் மகளிர் கிளையைத் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் தலைமையேற்றார்.

மூன்று வினைச்சொற்கள்

லாக்கனின் முறை பிற்காலத்தில் மூன்று வினைகளாகச் சுருங்கி உலகெங்கும் பரவியது: பார், தீர்ப்பிடு, செயல்படு. தமிழகப் பங்குகளிலும் இலங்கைத் தமிழ்ப் பங்குகளிலும் இளம் கிறித்தவ மாணவர், தொழிலாளர் இயக்கங்களின் வழியே இவை வழக்கில் வந்தன. மொழியாசிரியை என்ற முறையில் நடுச்சொல்லைப் பற்றி ஒன்று கூற விரும்புகிறேன். பிரெஞ்சு மூலச்சொல் நீதிமன்றத் தீர்ப்பையும் குறிக்கும். ஒன்றை எடைபோட்டுக் கருத்துக் கொள்வதையும் குறிக்கும். 'தீர்ப்பிடு' என்றவுடன் தமிழில் மேடையும் சுத்தியலும் தோன்றுகின்றன. பிறரைத் தீர்ப்பிடாதீர் என்ற நற்செய்தி அறிவுரையோடும் அது மோதுகிறது. 'சீர்தூக்கு' என்ற நம் பழஞ்சொல் தராசைக் கையில் தருகிறது. இரு தட்டுகள், ஒரு முள். ஒரு தட்டில் தையற்கூடத்தின் நடப்பு. மறு தட்டில் நற்செய்தி. முள் எங்கே சாய்கிறது என்று பார்ப்பவர் அப்பெண்களே. சில பங்குகளில் இன்று 'சீர்தூக்கிப் பார்த்தல்' என்ற தொடர் வழங்குவதைக் கேட்க மகிழ்ச்சியாக உள்ளது.

முதற்சொல்லும் எளிதன்று. பார்த்தல் என்பது கண்ணின் செயல் மட்டுமன்று. பழகிய துன்பம் கண்ணுக்குத் தெரியாது. அதனைத் தெரியச் செய்ய வினாவேண்டும். கார்டைன் 1935இல் தம் இயக்கத்தின் அடித்தளமாக மூன்று உண்மைகளை வகுத்துரைத்தார்: நம்பிக்கையின் உண்மை, அனுபவத்தின் உண்மை, வழிமுறையின் உண்மை. இளைஞனின் மேலான அழைப்பைப் பற்றி மறை சொல்வது ஒன்று. அவன் வாழ்வு இருக்கும் நிலை மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மறைக்காமல் நேர்கொண்டு நிற்பதே வழிமுறை. நம்பிக்கை எவ்வளவு உறுதியோ அவ்வளவு உறுதியாக அனுபவத்தையும் உண்மை என்ற சொல்லாலேயே அவர் சுட்டியது எனக்கு வியப்பளிக்கிறது.

அச்சுக்கோப்பவர் ஒருவர்

1935இல் பிரசெல்ஸில் நடந்த பத்தாண்டு விழாவுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் இளந்தொழிலாளர் திரண்டனர். அடுத்த பத்தாண்டு வேறுவிதமாக முடிந்தது. 1942இல் கார்டைன் மீண்டும் சிறை புகுந்தார். முதல் தலைவர் டோனேயும் கார்சேயும் தாகௌ வதைமுகாமில் 1945இல் மடிந்தனர்.

நூலும் அச்சும் நம் தொழிலாதலால் இங்கு மார்செல் கலோவைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன். 1921இல் பிரான்சின் ரென் நகரில் பிறந்தவர். பதின்மூன்று வயதளவில் அச்சகத்தில் பழகுநராகச் சேர்ந்து அச்சுக்கோப்பவரானார். பங்கின் இளந்தொழிலாளர் குழுவில் வளர்ந்தார். 1943இல் கட்டாய வேலைத் திட்டத்தின்கீழ் செருமனியின் ட்செல்லா-மேலிஸ் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டு ஆயுதத் தொழிற்கூடத்தில் அமர்த்தப்பட்டார். அங்கே சோர்ந்துகிடந்த பிரெஞ்சு இளைஞரைக் கூட்டினார். விளையாட்டும் நாடகமும் திருப்பலியும் ஏற்பாடு செய்தார். மேய்ப்பர் அருகில் இல்லாத இடத்தில் வட்டம் தானே கூடியது. 1944 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார். அளவுக்கு மீறிய கத்தோலிக்கர் என்பதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். மவுத்ஹவுசன் முகாமில் 1945 மார்ச் 19ஆம் நாள் இறந்தபோது அவருக்கு வயது 23. 1987இல் இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக அறிவித்தார்.

கூட்டமும் வட்டமும்

1957இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இளந்தொழிலாளர் பல நாடுகளிலிருந்து உரோமையில் கூடினர். 1961இல் 23ஆம் ஜான் தம் சுற்றுமடலில் மூன்று வினைகளையும் திருச்சபையின் சமூகப் போதனையைச் செயற்படுத்தும் முறையாக எடுத்தாண்டார். 1968இல் மெதயின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்களின் ஆவணங்களும் அவ்வமைப்பிலேயே எழுந்தன. தையற்பெண்களின் வட்டத்தில் பயின்ற முறை ஆயர்களின் முறையாயிற்று. எதிர்த்திசைப் பயணமும் உண்டு. அரசியல் சார்பு மிகுந்துவிட்டது என்ற பூசலால் 1980களின் நடுவில் பன்னாட்டு இயக்கம் இரண்டாகப் பிரிந்தது. 1986இல் உரோமை புதிய கூட்டமைப்பொன்றை ஏற்றுக்கொண்டது. செயல்படு என்ற மூன்றாம் சொல்லை மெய்யாகவே கடைப்பிடித்தோர்க்கு டான்ஸின் காலம் முற்றும் கடந்துவிடவில்லை என்று தோன்றுகிறது.

அதே ஆண்டில் உலக இளையோர் நாள் முதன்முறை கொண்டாடப்பட்டது. 1995இல் மணிலாவில் திரண்டோர் 40 இலட்சத்துக்கும் மேல் என மதிப்பிட்டனர். இன்று பங்கு இளைஞர் பணி என்றால் பலர் மனத்தில் தோன்றுவது இப்பெருந்திரளும் பாடல் மேடையுமே. திரளுக்குரிய பேரானந்தத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 40 இலட்சம் பேர் கூடுமிடத்தில் பேசுபவர் ஒருவரே. இதனைத் திருச்சபையும் உணர்ந்திருக்கவேண்டும். 2018இல் இளையோரைப் பற்றிக் கூடிய ஆயர் மாமன்றத்தின் முன்வரைவு இனங்காணல், பொருளுணர்தல், தேர்தல் என மூன்று வினைகளின்மீது கட்டப்பட்டது. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட மடல், இளைஞர் பணியின் செயலாளர் இளைஞரே என்று எழுதியது. லாக்கன் சொற்கள் உருமாறி மீண்டும் வந்துள்ளன. பங்குகளில் அவை வட்டங்களாகுமா, வெறும் சுவரொட்டிகளாகுமா என்பதைப் பங்கின் இளம்பெண்களிடம் எவரேனும் வினா வைக்கிறார்களா என்பதைக் கொண்டே அறியலாம்.

கார்டைன் 1965இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அதே ஆண்டு வத்திக்கான் சங்கத்தில் சமய உரிமையை ஆதரித்துப் பேசினார். 1967 சூலை 24ஆம் நாள் லூவேனில் இறந்தார். அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கும் நோக்குடன் மறைமாவட்ட விசாரணை 2014இல் தொடங்கிற்று. அவர் உடல் புதைக்கப்பட்டது லாக்கன் அன்னைமரி ஆலயத்தில். நிலவறையில் அரசர்கள், மேலே அவர்களின் பங்கில் 1912ஆம் ஆண்டு பெண்கள் பணிக்கென வந்த உதவிப் பங்குத்தந்தை. வட்டத்தில் முதன்முதல் எழுந்து பேசிய தையற்பெண் யார் என்பது அங்குள்ள எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.